இருநூறு அச்சு

வைகைக் கரை இடைக்காட்டூரின் திரு இருதய ஆண்டவர் கோயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கோபுரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிரான்சு, ரீம்ஸ், கோத்திக் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய், போகிற போக்கில் ‘ஏறத்தாழ 200 வகை அச்சுச் செங்கல்லால் கட்டியது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். என் ரசனை அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காகிறது.

200 என்றதும் வாயைப் பிளந்து நின்றால் போதாது, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கூர்வளைவை எடுத்துக்கொள்வோம். சாதாரணச் செவ்வகச் செங்கல்லை வைத்து வளைவு போட்டால், கல்லுக்குக் கல் நடுவே காரைதான் ஆப்பு வேலை பார்க்கும். உள்விளிம்பில் மெல்லிசாக, வெளிவிளிம்பில் தடிமனாக. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நிலைக்கு மேலே போட்ட வளைவுகளில் பாதி இந்த ரகம்தான். காரை ஒரே கனத்தில் ஓட வேண்டுமென்றால் கல்லே ஆப்பாக இருந்தாக வேண்டும். அந்த ஆப்பின் சாய்வு, வளைவு எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது. வாசலுக்கு ஒரு சாய்வு, சன்னலுக்கு ஒரு சாய்வு, சுரூபம் வைக்கிற மாடத்துக்கு ஒரு சாய்வு. விளிம்பில் உருட்டு வேலை வேண்டுமென்றால் அதே ஆப்புக்கு உருட்டு முகம் வைத்து இன்னொரு அச்சு. உருட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால் இடக்கல் வேறு, வலக்கல் வேறு. கூர்வளைவின் உச்சியில் இரண்டு வில்லும் வந்து முட்டுகிற இடத்துக்குத் தனி ஜோடி. அப்புறம் தூணின் அடிக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று, தலைக்கு மூன்று நான்கு, சுவர் திரும்புகிற முனைக்கு ஒன்று, மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் வெளியே சொட்டுவதற்கு ஒன்று. இப்படி எண்ணிக்கொண்டே போனால் 200 என்பது ஆடம்பரமாகத் தெரியாது, சிக்கனமாகத்தான் தெரியும். அதற்குள் முடித்தவர்களின் கெட்டிக்காரத்தனம் அப்போது பிடிபடும்.

இதற்கு மேலேயும் ஒரு சிக்கல் உண்டு. கல் அறுக்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: மண் அச்சில் இருக்கும்போது ஓர் அளவு, பச்சைக்கல்லாகக் காய்ந்தபின் ஓர் அளவு, காளவாசலில் வெந்து வெளியே வந்தபின் இன்னோர் அளவு. இரண்டு தடவை சுருங்குகிறது. நீளத்தில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் போய்விடலாம். எவ்வளவு போகும் என்பது மண்ணுக்கு மண் மாறும், பிசைந்த தண்ணீருக்குத் தக்கபடி மாறும், நெருப்புக்குத் தக்கபடி மாறும். சாதாரணக் கல்லில் ஒரு நூல் கூடக் குறைய இருந்தால் கொத்தனார் காரையில் சரிக்கட்டிவிடுவார். அச்சுக்கல்லில் அது நடக்காது. ஒரு கல்லின் உருட்டு அடுத்த கல்லின் உருட்டோடு சேராவிட்டால் வளைவே விக்கி விக்கி ஓடும்.

ஆக, அச்சு அடிக்கிற தச்சருக்கு உள்ளூர்க் கண்மாய் மண் எவ்வளவு சுருங்கும் என்று கை அறிந்திருக்க வேண்டும். பிரான்சிலிருந்து படம் வரலாம், பணம் வரலாம். சுருக்கக் கணக்கு வர முடியாது. அது வைகைக் கரையிலேயே பிறந்து வளர்ந்த கணக்கு. இந்தக் கோயிலை ரீம்ஸ் பேராலயத்தின் நகல் என்று யாராவது சொன்னால் நான் உள்ளுக்குள் முரண்டுபிடிப்பது இதனால்தான். நகல் என்றால் பார்த்து எழுதுவது. இங்கே ஒவ்வொரு வளைவையும் உள்ளூர் மண்ணிடம் கேட்டுக் கேட்டு, முதலிலிருந்து யோசித்திருக்கிறார்கள்.

கோயில் கட்டிய கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மதுரை மிஷன், 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டதோடு நொடித்துப்போனது. சபை மீண்டும் உயிர்பெற்றபின், 1830களின் கடைசியில் பிரெஞ்சுச் சாமியார்கள் வந்து புதிய மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் வந்தவர் பெர்டினாண்டு செல் சாமியார். திரு இருதய பக்தி பிரான்சில் கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது; பாரிசில் திரு இருதயப் பேராலயத்துக்கு 1875இல் அடிக்கல் போட்டார்கள். நோயிலிருந்து பிழைத்தெழுந்த மரி அன்னை என்ற பிரெஞ்சுப் பெண் நேர்ச்சையாக 2,000 பிராங்கு கொடுத்தார் என்றும், அந்தப் பணத்தை வைத்துத்தான் சாமியார் வேலையைத் தொடங்கினார் என்றும் இடைக்காட்டூரில் சொல்வார்கள். 1894இல் கோயில் எழுந்தது. வழிகாட்டிப் புத்தகங்கள் சாமியார் பெயரோடும் அந்த அம்மாள் பெயரோடும் நின்றுவிடுகின்றன. மண் மிதித்தவன், அச்சு அடித்தவன், காளவாசலில் ராத்திரி முழுக்க நெருப்பைப் பார்த்துக் கண் சிவந்தவன், இவர்களில் ஒருத்தன் பெயராவது கொடையாளி பெயருக்குக் கீழே வந்திருக்க வேண்டும் என்பது என் தீராத குறை.

ரீம்ஸைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 1211இல் தொடங்கிய கட்டடம். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய இடம். 2,300க்கும் மேற்பட்ட சிலைகள். மெல்லிய கல் பட்டைகளால் சன்னலைப் பின்னுகிற வேலைப்பாடு முழுமையாக வடிவெடுத்ததே அங்கேதான். ஆனால் அது சுண்ணாம்புக் கல்லில் செய்த வேலை. கல்லில் உளி வைக்கிறவனுக்குக் கடைசி நிமிஷம் வரை மனசை மாற்றிக்கொள்ள இடமுண்டு. பொருந்தாத இடத்தில் இன்னும் கொஞ்சம் செதுக்கிக்கொள்ளலாம். செங்கல்லில் எல்லா முடிவும் முதலிலேயே, மண் ஈரமாக இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். வெந்த கல்லை வெட்டினால் அதன் தோல் போய்விடும். தோல் போனால் மழை உள்ளே இறங்கும். 1914 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுகள் விழுந்து ரீம்ஸ் பற்றி எரிந்தது. கூரையிலிருந்த ஈயம் உருகி ஓடியது, பேர்பெற்ற சிரிக்கும் சம்மனசின் தலை உடைந்து கீழே விழுந்தது. பிறகு ஒட்டவைத்து 1926இல் மறுபடி ஏற்றினார்கள். நெருப்பு பட்டால் சுண்ணாம்புக் கல் பொரிந்து உதிரும். நெருப்பிலேயே பிறந்த செங்கல்லுக்கு அந்தப் பயம் குறைவு.

எந்த ஊரில் இதைக் கட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இடைக்காடர் சித்தர் ஊர் அது. பஞ்சம் வரப்போவதைக் கண்டுகொண்ட சித்தர், குருவரகைச் சேற்றில் குழைத்துக் குடிசைக்குச் சுவர் வைத்தாராம். மழை பொய்த்தபோது ஆடுகளுக்கு எருக்கிலை தின்னக் கொடுத்தார். அரிப்பெடுத்த ஆடுகள் சுவரில் உரச, வரகு உதிர்ந்தது. அதை ஆட்டுப்பாலில் காய்ச்சிக் குடித்து உயிர் பிடித்தார் என்பது கதை. சுவர் என்பது வெயிலை மறைக்கிற மண் மட்டுமில்லை, காலத்துக்கு எடுத்து வைக்கிற சேமிப்பும்கூட என்று நினைத்த ஊரில் சுட்ட மண்ணால் ஒரு கோயில் எழுந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கொஞ்ச தூரத்தில் மானாமதுரை. கடத்துக்கென்று பல கண்மாய் மண்ணைக் கலந்து பதம் பார்க்கிற வேளார்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் கீழடி. தோண்டிய குழியில் செங்கல் கட்டுமானம் வெளிப்பட்ட ஊர். இப்படி ஒரு சமவெளியில் பிரெஞ்சுச் சாமியார் வந்து மண் வேலையைக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்ல? அவர் கேட்டார், அவர்கள் செய்து கொடுத்தார்கள்.

நான் கரிசல் பக்கம். இருக்கன்குடியிலிருந்து பார்க்கும்போது வைகை வண்டல் மேல் கொஞ்சம் பொறாமையே வரும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில் இருந்தும், ஊரைச் சுற்றிக் கரிசல். கரிசலில் கல் அறுத்தால் காயும்போதே வெடித்துவிடும். மழைக்கு ஊதி, வெயிலுக்குப் பிளக்கிற மண் அது. அதனாலேயோ என்னவோ, சுட்ட மண் என்றாலே எங்களுக்கு ஒரு மரியாதை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மனுக்கு ஆயிரங்கண் பானையும் அக்கினிச்சட்டியும் எடுக்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆயிரங்கண் பானையை வாங்கும்போது எங்கள் அப்பத்தா அதை விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதோடு வைத்துக் கேட்பாள். நன்றாக வெந்ததா, அரைவேக்காடா என்று சத்தம் சொல்லிவிடும். செங்கல்லுக்கும் அதே சோதனைதான்; இரண்டு கல்லை முட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும்.

இடைக்காட்டூரில் நான் போய் நிற்கிற இடம் எப்போதும் ஒன்றுதான். பக்கச் சுவரில், கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு சன்னல் வளைவு கிளம்புகிற இடம். அங்கே சாயம் விலகிய ஒரு திட்டில் மூன்று கல் தெரியும். நடுக்கல் மற்ற இரண்டையும்விடக் கறுப்பு. காளவாசலில் நெருப்புக்குப் பக்கத்தில் அடுக்கின கல்லாக இருக்க வேண்டும். கூடுதலாக வெந்த கல் கூடுதலாகச் சுருங்கும் என்பதால் அது பக்கத்துக் கற்களைவிட ஒரு மயிரிழை சின்னது. கொத்தனார் அதைத் தள்ளிப் போடவில்லை. உருட்டு முகத்தை மற்ற இரண்டோடும் சரியாக நேர்ப்படுத்தி, குறைந்த மயிரிழையைப் பின்பக்கக் காரையில் மறைத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு விரலை மேலே ஓட்டினால் மூன்று கல் என்றே தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற குறை விரலுக்குத் தெரியவில்லை. சுரூபங்களையும் பீடத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு இந்த இடத்துக்குத் திரும்பி வந்துவிடுவேன். கூட வந்தவர்கள் கெபியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கத்துவார்கள்.

கோவில்பட்டிப் பக்கத்து நண்பர் ஒருவருக்கு என் பைத்தியம் பிடிப்பதில்லை. “என்ன அண்ணாச்சி, வீரமாமுனிவர் நடந்த மண்ணைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, வெறும் செங்கலைப் பார்க்க வைகைக் கரைக்குப் போறீக?” என்பார். காமநாயக்கன்பட்டியைச் சொல்கிறார். நியாயமான கேள்விதான். பரலோக மாதா கோயிலின் வரலாற்றுக்கு முன்னால் இடைக்காட்டூர் நேற்றுப் பிறந்த பிள்ளை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழ்நாட்டுப் பணியின் தொடக்க ஆண்டுகளைக் கழித்த ஊர்களில் அது ஒன்று. கோயிலுக்குப் பாதுகாப்புக் கொடுத்து எட்டயபுரத்துப் பாளையக்காரர் வெட்டிவைத்த கல்வெட்டு அங்கே உண்டு. எங்கள் ஆடிக் கடைசி வெள்ளியை ஒட்டியேதான் அவர்களுடைய ஆகஸ்ட் 15 திருவிழாவும் வரும். சில வருஷம் இருக்கன்குடிக்கு நடந்து போகிற கூட்டமும் காமநாயக்கன்பட்டிக்குப் போகிற கூட்டமும் சாத்தூர், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒன்றாகக் கலந்து நிற்கும். மஞ்சள் சேலையை வைத்து யார் எங்கே போகிறார்கள் என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். நண்பரிடம் நான் சொல்கிற பதில் ஒன்றே ஒன்று: காமநாயக்கன்பட்டியில் நான் கும்பிடுகிறேன், அந்த ஊரின் கதையைக் கேட்கிறேன். இடைக்காட்டூரில் சுவரைப் பார்க்கிறேன். கதைக்காகக் கோயிலை ரசிப்பது ஒரு ருசி, கைக்காக ரசிப்பது இன்னொரு ருசி. அவர் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை.

திருச்சிக்காரர்கள் லூர்து மாதா கோயிலைக் காட்டுவார்கள், சென்னைக்காரர்கள் சாந்தோமைக் காட்டுவார்கள். இரண்டுமே அதே 1890களில் எழுந்த கோத்திக் கோயில்கள். கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நகரத்துக் கம்பீரம். பக்கத்தில் கல்லூரி, கடற்கரை, ஆயர் மாளிகை. ஒரு சின்ன ஊரில், வயலுக்கும் கண்மாய்க்கும் நடுவில், சனத்தொகைக்கு மீறிய அக்கறையோடு செய்த வேலைக்கு வேறு ருசி உண்டு.

வடக்கன்குளத்தின் பெயரை எடுக்கிறவர்களிடம்தான் நான் கொஞ்சம் கடுமையாகிவிடுவேன். 1872இல் கட்டிய அந்தப் பெரிய கோயிலின் அமைப்பு கெட்டிக்காரத்தனமானது என்று கட்டடக்கலைப் பிரியர்கள் பேசுவார்கள்: இரண்டு கூடங்கள் சாய்வாக வந்து ஒரே பீடத்தில் சேரும், ‘காற்சட்டைக் கோயில்’ என்று பெயரே உண்டு. எதற்காக இரண்டு கூடம்? ஒரு சாதிக்காரர் இன்னொரு சாதிக்காரரைப் பார்க்காமல் பூசை காண்பதற்கு. நடுச்சுவரை 1910இல் கௌசானல் சாமியார் இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், சுவர் கேட்டவர்கள் தோற்றார்கள். ஒரு கட்டடத்தின் அமைப்பைப் பாராட்டுமுன் அது யாரை எங்கே நிற்க வைத்தது என்று கேட்டாக வேண்டும். அந்தக் கோயிலில் எனக்குப் பிடித்த கட்டட வேலை அந்த இடிப்புதான்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் ஓடு போட்ட பழைய கோயில்கள் நிறைய இருந்தன. மூன்றடிச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மர உத்திரம், முன்னால் ஒரு கொடிமரம். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் விட்டுப் பதப்படுத்திப் பூசிய சுவர்கள் அவை. அந்தப் பூச்சு மூச்சு விடும். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். இப்படி ஒரு கோயிலுக்கு வெள்ளையடிக்கப் பிரிந்த வரியோடு வெளிநாட்டிலிருந்து வந்த நன்கொடையும் சேர்ந்துகொண்டது. பங்குப் பேரவை கூடியது. சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்டு பூசினார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது. இரண்டு மழைக்காலத்தில் இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்து, பெயிண்டு செதில் செதிலாக உரிந்தது. உப்பை மறைக்க டைல்ஸ் ஒட்டினார்கள். ஈரம் டைல்ஸுக்கும் மேலே ஏறியது. கடைசியில் ‘பழைய சுவர் தாங்காது’ என்று முடிவு செய்து மொத்தமாக இடித்துவிட்டு, கான்கிரீட்டில் புதிதாகக் கட்டினார்கள். சுவர் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. பண்டுவம்தான் அதைக் கொன்றது. இடித்த செங்கல்லை லாரியில் ஏற்றி ரோட்டுப் பள்ளத்தில் கொட்டினார்கள். ஒரு கல்லை எடுத்துச் சுண்டிப் பார்த்தேன், கணீர் என்றது.

புதுக் கோயில்களில் வேலை செய்கிற கொத்தனார்களைக் குறை சொல்ல மாட்டேன். அச்சுக்கல் அறுத்துக் கொடுக்க இன்று எந்தக் காளவாசலில் ஆள் இருக்கிறது? சேம்பர் கல், சாம்பல் கல், ஹாலோ பிளாக் என்று எல்லாம் ஒரே அளவில் வந்து இறங்குகிறது. வளைவு வேண்டுமென்றால் கம்பி வளைத்துக் கான்கிரீட் ஊற்றிக்கொள்ளலாம். அதன்மேல் செங்கல் நிறத்தில் எனாமல் அடித்து, நடுவே வெள்ளைக் கோடு இழுத்துவிட்டால் தூரத்துக்குக் கல் கட்டு மாதிரியே தெரியும். அந்தக் கோடுகளை ஒருநாள் கவனமாகப் பாருங்கள். வளைவிலும் கோட்டை நேராகவே இழுத்திருப்பார்கள். ஆப்பு மாதிரி கல் திரும்ப வேண்டிய இடத்தில் செவ்வகம் செவ்வகமாக அடுக்கியிருக்கும். நிஜமாக அப்படிக் கட்டினால் சாரத்தைப் பிரித்த அன்றைக்கே தலையில் விழும். கோடு இழுத்தவருக்கு அது தெரியாது, பணம் கொடுத்தவருக்கும் தெரியாது, கும்பிடுகிற நமக்கும் தெரியாமல் போய்விட்டது. கண்ணின் பயிற்சி போனதுதான் பெரிய நஷ்டம். கல்லை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இடைக்காட்டூரும் இந்த ஆபத்துக்கு அப்பாற்பட்டதில்லை. கோடையில் பாஸ்கா பார்க்க வருகிற கூட்டமும் திரு இருதயத் திருவிழாக் கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது; கூட்டம் கூடினால் கொடையும் கூடும்; கொடை கூடினால் யாருக்காவது ஒரு யோசனை வரும். அந்த யோசனை வருகிற நாளில் டைல்ஸ் கடைக்காரருக்கு முன்னால் சுண்ணாம்புக் கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்பதே என் விண்ணப்பம். செட்டிநாட்டுப் பக்கம் போனால் இன்னும் ஆள் கிடைப்பார்கள். கூலி கூடத்தான் கேட்பார்கள், கொடுக்கலாம்.

இன்னொரு விண்ணப்பம் சிவகாசிக் காலண்டர் அச்சகங்களுக்கு. அச்சகத்தில் கலர் பார்த்துக் கண் பழகியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னணியாக இந்தக் கோயிலைப் போட்டு வருகிற காலண்டர்களில் செங்கல் எப்போதும் குங்குமக் கலரில் கொதிக்கிறது. மெஜந்தாவைத் தூக்கினால்தான் கடையில் பளிச்சென்று தெரியும் என்பது தொழில் நம்பிக்கை. வெந்த வண்டல் மண்ணின் நிறம் அதுவல்ல. அதில் மஞ்சள் அதிகம், சிவப்பு அடக்கம், ஓரத்தில் ஒரு கருக்கல் உண்டு. மெஜந்தாவைக் கொஞ்சம் இறக்கி, கறுப்பை ஒரு பொட்டு ஏற்றுங்கள். வானத்தையும் அவ்வளவு நீலமாக்க வேண்டாம், ஜூன் மாதத்து மானாமதுரை வானம் வெளுத்துத்தான் கிடக்கும். படம் மங்கலாக இருக்கிறது என்று ஏஜெண்டு யாராவது ஆர்டரைத் திருப்பினால் என்னிடம் அனுப்பி வையுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.